டூர் போகிறோம்... எதைப் பார்க்கிறோம்?

இறுதியாண்டு 'டூர்' என்றதும் நம் வாயில் வருவது ஊட்டி, கொடைக்கானல், ராமேஸ்வரம்தான். போவதில் தப்பே இல்லை. ஆனால் திரும்பி வந்ததும், "என்னடா பாத்தே?"ன்னு கேட்டால்... போட்டிங், சாக்லேட், நாலு போட்டோ! வீட்டில் கடன் வாங்கிக் கொடுத்த பணத்துக்கு இவ்வளவுதானா?

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கி.மீ. மலை ரயில் போகிறது. கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய இரும்புச் சட்டம். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டே ஏறும். ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். ஏன் தெரியுமா? கப்ளிங் அறுந்தாலும் பெட்டிகள் கீழே உருண்டுவிடாது! நாம் படம் வரைந்து மனப்பாடம் பண்ணும் 'ரேக் அண்ட் பினியன்', 1899-லேயே குன்னூர் ஏறிவிட்டது.

பாம்பனில் 1914-ல் திறந்த ரயில் பாலத்தின் நடுப்பகுதி, கப்பல் வந்தால் இரண்டாகப் பிரிந்து எழும்படி இருந்தது. ஆட்கள் கையால் சுற்றித்தான் திறந்தார்கள். 1964 புயலில் சிதைந்த பாலத்தை ஈ.ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சீர்செய்தார்கள். 2025-ல் திறந்த புதிய பாலத்திலோ 72.5 மீட்டர் நடுப்பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி செங்குத்தாக உயர்கிறது. சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் மூன்றுக்கும் அங்கே பாடம் இருக்கிறது!

சங்கப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜாலியும் வேணும், கூடவே அரை நாளை இதற்கு ஒதுக்குங்கள். ஆசிரியர் ஒருவர் அங்கேயே நின்று விளக்கட்டும். நாளை இன்டர்வியூவில் போட்டிங் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை... யோசிப்போம்!