பன்னிரண்டு மணிக்கு வந்தால் லேட்

வகுப்புக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போனால் வாசலில் நிற்க வேண்டும். நஷ்டம் லேட்டாகப் போனவனுக்கு, அவ்வளவுதான். சரக்குக் கப்பலில் கதையே வேறு. அங்கே லேட்டாக வருகிறவன் இன்னொருத்தனின் தூக்கத்தை எடுத்துக்கொள்கிறான்.

பெரும்பாலான பெரிய கப்பல்களில் 24 மணி நேரத்தை மூன்று அதிகாரிகள் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். 8-12 தேர்டு மேட், 12-4 செகண்ட் மேட், 4-8 சீஃப் மேட். பகலிலும் இதே, ராத்திரியிலும் இதே. நான்கு மணி நேரம் வாட்ச், எட்டு மணி நேரம் இடைவெளி. (அந்த எட்டு மணி நேரமும் தூக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். உயிர்காப்புக் கருவிகளைச் சரிபார்ப்பது, வரைபடம் திருத்துவது, காகித வேலை எல்லாம் அதற்குள்தான்.) மாற்று ஆள் வந்து பொறுப்பை வாங்கிக்கொள்ளும் வரை பிரிட்ஜை விட்டு இறங்கக் கூடாது என்பது விதி. ஆக, நேரத்துக்கு வந்து வேலையை முடித்தவன்தான் மாட்டிக்கொள்கிறான்!

லேட் என்றால் எது லேட்? ராத்திரி சரியாக பன்னிரண்டு மணிக்குப் படியேறி வந்தால் அது லேட்தான். பிரிட்ஜ் கும்மிருட்டாக இருக்கும். விளக்கு வெளிச்சத்திலிருந்து வருகிறவனின் கண் இருட்டுக்குப் பழகவே பத்துப் பதினைந்து நிமிடம் வேண்டும், முழுதாகப் பழக அதைவிட அதிகம். கேப்டன் எழுதி வைத்த இரவு உத்தரவைப் படிக்க வேண்டும். கப்பல் எங்கே இருக்கிறது, பக்கத்தில் என்னென்ன கப்பல்கள் போகின்றன என்று பார்க்க வேண்டும். அதனால்தான் அரைமணி முன்பே போன் அடித்து எழுப்புகிறார்கள். எழுந்து "ம்ம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் படுப்பவர்கள்தான் பிரச்சினை.

இதற்குக் கப்பலில் காலம்காலமாக உள்ள கைவைத்தியம் ஒன்று: அவன் இருபது நிமிடம் லேட்டா? நீயும் இருபது நிமிடம் லேட்டாகப் போ. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். தேர்டு மேட்டை விடுவிக்க வருபவர் செகண்ட் மேட். தேர்டு மேட் போய் விடுவிப்பதோ சீஃப் மேட்டை. செகண்ட் மேட் மேல் உள்ள கோபத்தில் தேர்டு மேட் லேட்டாகப் போனால் அடி விழுவது சம்பந்தமே இல்லாத சீஃப் மேட்டுக்கு. அவர் அந்தக் கோபத்தில் லேட்டாக வந்தால்தான் செகண்ட் மேட்டுக்குத் தண்டனை. மூன்று பேரும் வட்டமாக நின்றுகொண்டு அடுத்தவன் முதுகில் அறைவது போல! :-)

சின்னக் கப்பல்களில் இரண்டே பேர், ஆறு மணி நேரம் வேலை, ஆறு மணி நேரம் ஓய்வு என்று ஓடுவதுண்டு. அங்கே பழிக்குப் பழி நேராகப் போய்ச் சேரும். ஆனால் ஆபத்தும் அங்கேதான் அதிகம். சர்வதேச விதிப்படி 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு வேண்டும், அதை இரண்டு துண்டுக்கு மேல் பிரிக்கக் கூடாது, ஒரு துண்டாவது 6 மணி நேரம் இருக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு தடவையும் மாற்று ஆள் லேட்டாக வந்தால் அந்த ஆறு மணி நேரத் துண்டே காணாமல் போய்விடும்.

கோபத்தையாவது புரிந்துகொள்ளலாம். எனக்கு அதைவிடப் பயமாக இருப்பது இரக்கம். "பாவம், அசந்து தூங்கறார், கொஞ்சம் கழித்து வரட்டும்" என்று விட்டுக்கொடுப்பது.

1989 மார்ச் 24, எக்ஸான் வால்டீஸ். அந்த எண்ணெய்க் கப்பலில் நள்ளிரவுக்குச் சற்று முன்பே தேர்டு மேட்டின் வாட்ச் முடிந்திருக்க வேண்டும். செகண்ட் மேட் சரக்கு ஏற்றிய வேலையில் களைத்துப் போயிருந்தார். அவசரப்பட வேண்டாம், மெதுவாக வரட்டும் என்று தேர்டு மேட் தானே நின்றார். அவருக்கும் சரியான தூக்கம் இல்லை. கேப்டனும் தன் அறைக்குப் போய்விட்டார். நள்ளிரவு தாண்டிச் சில நிமிடங்களில் கப்பல் அலாஸ்காவின் ப்ளை பாறைத்திட்டில் ஏறியது. கடலில் கொட்டியது சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய். காரணங்கள் பல உண்டு, கேப்டன் பெயர்தான் அதிகம் அடிபட்டது. ஆனால் தேர்டு மேட்டின் களைப்பையும் வேலைச் சுமையையும் அமெரிக்க விசாரணை வாரியம் காரணங்களில் ஒன்றாகவே எழுதியது. செகண்ட் மேட் சோம்பேறி இல்லை. தேர்டு மேட் கெட்டவர் இல்லை. நல்ல மனசுதான் அங்கே வேலை செய்தது.

அதனால் என்னைக் கேட்டால், முதல் தடவையே வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். பிரிட்ஜில் மாலுமி முன்னால் இல்லை, அடுத்த நாள் சாப்பாட்டு மேஜையில், தனியாக. ஏன் லேட் என்றும் கேட்க வேண்டும். பகல் வேலை அவன் தூக்கத்தைத் தின்கிறது என்றால் அது அவன் தப்பில்லை, வேலையைப் பிரித்துக் கொடுத்தவர் தப்பு. வந்தவன் குடித்திருந்தாலோ நிற்கவே முடியாத நிலையில் இருந்தாலோ பேச்சே இல்லை. பொறுப்பைக் கொடுக்காமல் கேப்டனைக் கூப்பிட வேண்டும் என்று விதியே சொல்கிறது.

சரி, லேட்டாக வருவது சீனியர் என்றால்? விடிகாலை நான்கு மணிக்கு வரவேண்டிய சீஃப் மேட் நாலரைக்கு வருகிறார். செகண்ட் மேட் என்ன செய்வார்? அவருடைய வேலையைப் பற்றி நல்லதோ கெட்டதோ கேப்டனிடம் சொல்லப்போவது அதே சீஃப் மேட்தான். வாயை மூடிக்கொண்டு நிற்பார். நாற்பது நாள் பயணம் என்றால் நாற்பது நாளும் நிற்பார். இங்கே "தைரியமாகப் பேசு" என்று கரையில் உட்கார்ந்துகொண்டு நான் எழுதுவது சுலபம்.

கேப்டன்தான் இதைச் செய்ய வேண்டும். எல்லோருக்கும் பொதுவாக, தன் நிரந்தர உத்தரவில் ஒரு வரி: நேரம் தாண்டி ஐந்து நிமிடம் ஆகியும் மாற்று ஆள் வரவில்லை என்றால் என்னை எழுப்பு. அப்போது போன் அடிக்கிற ஜூனியர் கோள் சொல்லவில்லை, உத்தரவைத்தான் செய்கிறார். கேப்டனின் தூக்கம் கெடும்தான். கெடட்டுமே! இரண்டு நாள் கெட்டால் மூன்றாம் நாள் சீஃப் மேட் மூன்றே முக்காலுக்கே கையில் காபியோடு மேலே வந்து நிற்பார்.