தாளை வீணாக்கும் உரிமை

ஓவியக் கல்லூரியில் சேர்ந்த நம் பிள்ளைகளிடம் இயக்கம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: 'தம்பி, ஒரு அம்பேத்கர் படம் போட்டுக் கொடு.' ஏப்ரல் 14க்கு ஒன்று, டிசம்பர் 6க்கு ஒன்று. நீலக் கோட்டு, கண்ணாடி, கையில் அரசியல் சட்டம், நீட்டிய விரல். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு அந்த வேலையில் பாதி கணினிக்குப் போய்விட்டது. கேட்பது மட்டும் மாறவில்லை. அந்தப் படம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஊர் முனையில் அந்தப் படத்தை வைப்பதற்கே ரத்தம் சிந்தியவர்கள் நாம். என் கேள்வி வேறு. ஓவியம் படிக்கிற தலித் மாணவனுக்கு, மாணவிக்கு, சோதனை செய்து பார்க்கவும், தப்பாக வரையவும், தாளை வீணாக்கவும் உரிமை உண்டா இல்லையா?

உண்டு என்று வாயால் சொல்லிவிடலாம். நடப்பில் அப்படியில்லை. 'பரிசோதனை' என்ற சொல்லுக்கே சாதி இருக்கிறது. வசதியுள்ள மேல்சாதி வீட்டுப் பையன் கோணல்மாணலாகக் கோடு இழுத்தால் அது நவீன ஓவியம். நம் பையன் அதே கோட்டை இழுத்தால் 'இன்னும் கை வரல.' கை வந்துவிட்டால் அடுத்த உபதேசம் தயாராக இருக்கும்: 'உன் வேர் பறையில இருக்கு, தெருக்கூத்துல இருக்கு, அதைப் போடு.' ஒருவன் திறமையே இல்லாதவனாக இருக்க வேண்டும், அல்லது தன் சாதியின் நாட்டுப்புறக் காட்சிசாலையாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் சும்மா ஒரு மாணவனாக, எதையாவது தேடுகிறவனாக இருக்க இடமில்லை.

இது இன்று நேற்று வந்ததல்ல. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் சென்னையில் தொடங்கிய பள்ளிதான் இன்று பெரியமேட்டில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி. நீண்ட காலம் அது தொழிற்கலைப் பள்ளியாகவே நடந்தது. மண்ணையும் மரத்தையும் உலோகத்தையும் காலங்காலமாகத் தொட்டு வேலை செய்த சாதிகளின் கைகளை 'கைவினை' என்று ஒரு பக்கம் வைத்தார்கள். 'நுண்கலை' இன்னொரு பக்கம் போயிற்று. கை வேலை செய்கிறவனுக்கு மூளை வேலை இல்லை என்ற மனுவின் கணக்கும் வெள்ளைக்காரனின் கணக்கும் இங்கே சுலபமாக ஒத்துப்போயின. வேலையைத் திருத்தமாகச் செய். சோதனை பண்ணுவது உன் வேலையில்லை. அந்தக் குரல் இன்னும் வகுப்பறைகளில் கேட்கிறது. நம் மேடைகளிலும் கேட்கிறது என்பதுதான் எனக்கு வலி.

ராம்கிங்கர் பெய்ஜின் மாணவப் பருவத்தை நம் தோழர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 1906இல் வங்காளத்தின் பாங்குராவில், முடிதிருத்தும் குடும்பத்தில் பிறந்தவர். தலித் அல்ல, ஆனால் கையால் உழைத்துச் சாப்பிட்ட சாதி. பள்ளிப் பருவத்திலேயே வரைந்தார். ஒத்துழையாமை இயக்கம் நடந்த காலத்தில் தலைவர்களின் உருவப் படங்களை வரைந்து கொடுத்தார். கவனியுங்கள், நம் தட்டி எழுதும் பையன் நிற்கும் அதே இடம்தான். அவரை அங்கேயே நிறுத்தி, 'நல்லா தலைவர் படம் போடுறான் பையன்' என்று முதுகில் தட்டியிருந்தால் கதை முடிந்திருக்கும். பத்திரிகையாசிரியர் ராமானந்த சட்டர்ஜி கண்ணில் அவர் பட்டார். 1925இல் சாந்திநிகேதன் கலாபவனுக்கு மாணவராகப் போனார்.

அங்கே ஆசிரியர் நந்தலால் போஸ். கீழைநாட்டு மரபில் கோடும் நீர்வண்ணமும் அங்கே பிரதானம். மேற்கத்திய எண்ணெய் வண்ணத்தில் நந்தலாலுக்குப் பிடிப்பில்லை. மாணவர் எண்ணெய் வண்ணத்தைத்தான் எடுத்தார். உருவங்களை உடைத்தார், முகத்தைக் கோணலாக்கினார், வண்ணத்தை அள்ளி அப்பினார். ஆசிரியருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அவரை வெளியே தள்ளவில்லை. பிறகு சிற்பத்துக்குப் போனார். வெண்கலத்துக்குக் காசு ஏது? சிமெண்டையும் செம்புரைச் சரளையையும் கலந்து, கம்பிக் கூட்டின்மேல் அள்ளி எறிந்து உருவம் எழுப்பினார். வீடு கட்டும் கலவை அது. சித்தாள் தலையில் சுமக்கிற சரக்கு. 1935இல் 'சுஜாதா', 1938இல் 'சாந்தால் குடும்பம்'. ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் நாயுமாகத் தட்டுமுட்டுச் சாமான்களோடு பிழைப்புத் தேடிப் போகிற ஒரு குடும்பம், ராஜாக்களுக்கும் கவர்னர்களுக்கும் மட்டும் சிலை எழும்பிய நாட்டில், ஆளைவிடப் பெரிய உருவமாக எழுந்து நின்றது. அதோடு நின்றாரா? 1940இல் மனித உருவம் எதுவும் இல்லாத ஒரு 'விளக்குத் தூண்' செய்தார். 'சாந்தால்களைத்தானே போடுவாய், இது என்ன?' என்று அவரை யாரும் குற்றக்கூண்டில் ஏற்றவில்லை.

1925க்கும் 1938க்கும் இடையில் பதின்மூன்று வருஷம். அந்தப் பதின்மூன்று வருஷத்தில் கெட்டுப்போன தாள் எவ்வளவு, உடைந்த மண் எவ்வளவு! அத்தனை வீணும் சேர்ந்துதான் அந்தக் குடும்பத்தை நடக்க வைத்திருக்கிறது.

இதில் சொக்கிப்போக வேண்டியதில்லை. அந்த இடமும் நேரமும் ஒரு ஜமீன்தார் குடும்பத்துக் கவிஞரின் தயவில் கிடைத்தவை. தயவு எவ்வளவு தூரம் வரும்? டெல்லியில் ரிசர்வ் வங்கி வாசலில் நிற்கும் யக்ஷனும் யக்ஷியும் இவர் செய்தவை. யக்ஷன் கையில் பணப்பை. வங்கிக் கவுண்டரில் பணம் எண்ணுகிற எனக்கு அந்தப் பணப்பையை நினைத்தால் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வரும். அதைச் செய்தவர் தன் வீட்டுக் கூரை ஒழுகாமலிருக்கத் தான் வரைந்த கித்தான்களையே செருகி வைத்திருந்தார். ஆகவே தயவை நம்ப முடியாது. இடத்தையும் நேரத்தையும் இயக்கம்தான் கொடுக்க வேண்டும்.

கொடுத்தால் என்ன கிடைக்கும் என்று கேட்கலாம். நாக்பூரில் பிறந்து, பரோடாவில் அச்சோவியம் படித்த சவி சாவர்கரைப் பாருங்கள். கழுத்தில் துப்புகிற கலயமும் இடுப்பில் துடைப்பமும் கட்டிய தீண்டப்படாதவனை, தேவதாசியை, தடித்த முரட்டுக் கோட்டில் கொண்டுவந்தார். 'அழகான' கோட்டில் அந்த உருவத்தைப் போட்டால் அது பரிதாபப் படமாகிவிடும். கோடு கோணியதால்தான் அது குற்றப்பத்திரிகையாக இருக்கிறது. அந்தக் கோணல் தானாக வராது. வரைந்து, அழித்து, தோற்று, மறுபடி வரைந்து வருவது.

எங்கள் பக்கத்துத் தம்பி ஒருவன். முதல் வருஷம் பானையும் துணியும் வைத்து 'ஸ்டில் லைஃப்'. இரண்டாம் வருஷம் மனித உடம்பு. நோட்டு முழுக்கக் கால்களாகவே போட்டு வைத்திருந்தான், வெடித்த பாதங்கள். கார்ட்ரிஜ் தாள் வாங்கக் காசில்லாமல் பழைய செய்தித்தாளில் கரியால் வரைந்தான். எழுத்து தெரியக் கூடாதென்று மேலும் மேலும் கரியைத் தேய்த்தான். மூன்றாம் வருஷம் அந்தத் தேய்ப்பே படமாகிவிட்டது. ஒரு கருத்தரங்கில் அதை மாட்டினோம். ஒரு தோழர் வந்து பார்த்துவிட்டு, 'இதுல எங்கப்பா தலித் இருக்கான்? ஒண்ணும் புரியல' என்றார். தம்பி சொன்னான்: 'எங்கம்மா வேலை செய்யற சூளையில புகை எறங்கினா ஒண்ணுமே தெரியாது அண்ணே. அதான் போட்டேன்.' தோழர் பதில் சொல்லவில்லை. மதியம் அவனை அழைத்துப் பேனர் கட்டச் சொன்னார்கள். கட்டினான். அவன் கட்டியதில் தப்பில்லை. அந்தக் கருப்பைப் பற்றி அன்று மேடையில் ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை என்பதுதான் தப்பு.

புரியவில்லை என்றால் கேட்கலாம், சண்டை போடலாம். 'படம் சரியில்லை, இந்தக் கருப்புல சூளையோட சூடு வரல' என்று சொல்லலாம். அது மரியாதை. 'இது நமக்கு வேண்டாம்' என்று ஒதுக்குவது வேறு. ஒதுக்குவது எப்படியிருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

செய்யக்கூடியவை பெரிய காரியங்களில்லை. உதவித்தொகை வருஷக் கடைசியில் வருகிறது; வண்ணமும் தாளும் ஜூன் மாதமே வாங்க வேண்டியிருக்கிறது. நடுவில் இருக்கும் ஓட்டையை ஒரு வட்டாரக் கிளை நன்கொடை பிரித்து அடைக்கலாம். படிப்பகத்தின் ஒரு சுவரை இந்தப் பிள்ளைகளுக்கு விடலாம். மாணவிகளுக்கு, வீட்டில் அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவே வரைகிறவர்களுக்கு, அது இன்னும் அவசியம். நம் சிற்றிதழ்கள் கவிதைக்குக் கீழே காலியிடம் அடைக்கக் கோட்டோவியம் கேட்பதை நிறுத்திவிட்டு, ஓர் ஓவியருக்கு நான்கு பக்கம் ஒதுக்கி அதைப் பற்றி எழுதட்டும். மாநாட்டில் கவியரங்கத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கிறதே, ஓவியத்துக்கு அரை மணியாவது இருக்கட்டும். வரைந்தவர் நின்று பேசட்டும், நாம் உட்கார்ந்து கேட்போம்.

அம்பேத்கர் படத்தை அந்தப் பிள்ளைகள் போடுவார்கள். நாம் கேட்காமலே போடுவார்கள். இதுவரை நாம் பார்க்காத ஓர் அம்பேத்கராக அது இருக்க வேண்டுமென்றால், அதற்குமுன் நூறு தாள் கெட வேண்டும். அந்த நூறு தாளுக்கான காசை யார் கொடுக்கப் போகிறோம் என்பதை அடுத்த செயற்குழுவிலேயே பேசுங்கள் தோழர்களே.