ராமானுஜன் விட்டுவிட்ட ஓர் எண்



எங்கள் குடியிருப்பில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பையன் நேற்று வந்தான். டிசம்பர் 22, தேசியக் கணித தினத்துக்குப் பள்ளியில் பேச வேண்டுமாம். "1729 பத்தி எழுதிக் குடுங்க பாட்டி. ராமானுஜன் கணக்குல தப்பே பண்ணினதில்லைன்னும் சேத்துக்கோங்க" என்றான்.

"பண்ணியிருக்காரே!" என்றேன். அவன் நம்பவில்லை. உங்களுக்கும் சொல்கிறேன்.

12-க்குக் காரணிகள் ஆறு: 1, 2, 3, 4, 6, 12. அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது. இப்படித் தனக்கு முந்தைய எண்கள் எல்லாவற்றையும் காரணிகளின் எண்ணிக்கையில் மிஞ்சும் எண்களைப் பற்றி ராமானுஜன் 1915-இல் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். இங்கே எஃப்.ஏ. தேறாதவருக்கு 1916-இல் கேம்பிரிட்ஜ் பட்டம் வாங்கிக் கொடுத்தது அந்த ஆய்வுதான்.

அதில் ஒரு பட்டியல் உண்டு. கடைசி எண் 67,46,32,83,88,800. அதைப் பிரித்தால் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-உம் 7-உம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறை. ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள்: 7×5×3×3×2×2×2×2×2 = 10,080 காரணிகள்! கம்ப்யூட்டர் இல்லாத காலம். எல்லாம் கைக்கணக்கு.

அந்தப் பட்டியலில் ஓர் எண் விட்டுப்போயிற்று: 2,93,31,86,25,600. காரணிகள் 5,040. அதை 23-ஆல் பெருக்கினால் வருவது எது தெரியுமா? அவர் எழுதிய அதே கடைசி எண்!

இதனால் அவர் பெருமை ஒரு இம்மி குறையுமா? குறையாது. ஆனால் நாம் பிள்ளைகளிடம் என்ன சொல்கிறோம்? நாமகிரித் தாயார் கனவில் சொன்னாள், அவர் எழுதினார் என்கிறோம். தாயாரை நானும் கும்பிடுகிறவள்தான். ஆனால் சிலேட்டில் எழுதி எழுதி முழங்கையால் அழித்த உழைப்பை ஏன் மறைக்க வேண்டும்? தப்பே செய்யாத மேதை என்று சொன்னால், தப்பு செய்கிற பிள்ளை 'கணக்கு நமக்கில்லை' என்றுதானே ஒதுங்கும்?

நானும் யோக்கியம் இல்லை. எல்லாப் படியும் சரியாகப் போட்டு, கடைசிப் பெருக்கலில் சறுக்கிய நோட்டுகளில் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டு முட்டை போட்டிருக்கிறேன். அந்த முகங்கள் இன்றும் நினைவில் இருக்கின்றன. அவர்களில் யாராவது இதைப் படித்தால், டீச்சரை மன்னித்துவிடுங்கள்.

பையனுக்கு 1729 எழுதித் தரவில்லை. அந்த 23 பெருக்கலைக் கையால் போடச் சொன்னேன். மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. அதையே மேடையில் பேசப் போகிறானாம்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுங்கள். கால்குலேட்டர் வேண்டாம். தப்பு வந்தால் திட்டாதீர்கள். எந்தப் படியில் வந்தது என்று மட்டும் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்,
அடையாறு