வெட்டியும் தொண்டும் ஒன்றல்ல

திண்டிவனம் பக்கத்துக் காலனி ஒன்றில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் படித்த பெண் அவள். இப்போது அரசு உதவித்தொகையில் இங்கிலாந்தில் முதுகலை படிக்கிறாள். போன மாதம் அவள் அம்மா என்னைத் தேடி வந்தார். "தம்பி, அங்க அவ சம்பளம் இல்லாம வேலை செய்யறாளாம். எங்க மாமனார் காலம் பூரா செஞ்சது பத்தாதா? நீங்க சொன்னா கேப்பா, வேணாம்னு சொல்லுங்க" என்றார். கண் கலங்கியிருந்தது.

விவரம் தெரியாதவர் பேச்சு என்று இதைத் தள்ளிவிட முடியாது. அவருடைய மாமனார் ஊருக்குச் சாவுச் செய்தி சொன்னவர். செத்த மாட்டைத் தூக்கியவர். கூப்பிட்ட நேரத்துக்கு ஓடியவர். கூலி பேசும் வழக்கமே கிடையாது. களத்தில் கொஞ்சம் தானியம், பொழுது சாய்ந்தால் வீடுவீடாக ஊர்ச்சோறு. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்றால் கூலியின்றிச் செய்தாக வேண்டிய கட்டாய உழைப்பு. இன்று வீண்வேலையை வெட்டிவேலை என்று சிரித்துக்கொண்டே சொல்கிறோம். அந்தச் சொல்லைச் சுமந்தவர்கள் சிரித்ததில்லை.

மராட்டியத்தில் இதே கொடுமைக்கு 'மகர் வதன்' என்று பெயர். அற்ப மானியத்துக்காகக் குடும்பமே இரவு பகல் பாராமல் உழைக்க வேண்டும். நியூயார்க்கிலும் லண்டனிலும் படித்துத் திரும்பிய அண்ணல் அம்பேத்கர், 1928-ல் பம்பாய்ச் சட்டசபையில் இதற்கு எதிராகத் திருத்த மசோதா கொண்டுவந்தார். கூலியில்லாக் கட்டாய உழைப்பை அரசமைப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு தடை செய்கிறது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வர 1976 ஆயிற்று.

இரவு அந்தப் பெண்ணே பேசினாள். அவள் போவது ஓர் உணவு வங்கிக்கு. பணக்கார நாட்டிலும் வாடகை கட்டினால் அடுப்பெரியாத வீடுகள் உண்டு. மருத்துவரோ பள்ளியோ ஆலோசனை மையமோ தரும் சீட்டோடு வருபவர்களுக்கு மூன்று நாள் உணவு தருகிறார்கள். முதல் நாள் தகர டப்பாக்களைக் காலாவதித் தேதிப்படி அடுக்கினாள். இரண்டாம் நாள் பாஸ்தா, பீன்ஸ், கெடாத பால், டீத்தூள் என்று பைகளில் நிரப்பினாள். மூன்றாம் நாள் வந்தவர்களுக்கு டீ கொடுக்கச் சொன்னார்கள்.

"கை நடுங்கிச்சு அண்ணா. நம்ம ஊர் டீக்கடையில அப்பாவுக்குத் தனி கிளாஸ். இங்க ஒரு பெரியவர் என் கையால வாங்கிக் குடிச்சுட்டு, இன்னொன்னு கிடைக்குமான்னு கேட்டார். ரூமுக்கு வந்து அழுதேன்."

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். நான்காம் நாள், அங்கே தொண்டு செய்யும் நம் நாட்டு மாணவர் ஒருவர், "ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்டிருக்கிறார். "காலனி" என்றாள். அதுவரை அவள் போட்ட டீயைக் குடித்தவர், மறுநாள் "வேண்டாம்" என்றார். அந்த வேண்டாமின் பொருள் அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2023-ல் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. பிரிட்டனின் சமத்துவச் சட்டத்திலோ சாதி என்ற சொல்லைச் சேர்க்கப் போவதில்லை என்று அந்நாட்டு அரசு 2018-ல் கைவிட்டுவிட்டது. ஆனால் அவள் சும்மா இருக்கவில்லை. பொறுப்பாளரிடம் போய்ச் சொன்னாள். அவருக்குச் சாதி என்றால் என்னவென்றே தெரியவில்லை. அரைமணி நேரம் விளக்கினாள். அந்த வாரத்தில் அவள் செய்த பெரிய தொண்டு அதுதான் என்பேன்.

வெளிநாடு போகும் நம் மாணவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டனில் பட்டப்படிப்பு, முதுகலை மாணவர்கள் பொதுவாகப் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். சம்பளம் இல்லாவிட்டாலும் வேலை வேலைதான்; அதுவும் கணக்கில் சேரும். அறக்கட்டளைக்கு விரும்பிச் செய்யும் தொண்டு வேறு. ஒரு கடைக்காரர் 'பயிற்சி' என்று சொல்லி மாதக்கணக்கில் சும்மா வேலை வாங்கினால் அது தொண்டு அல்ல, வெட்டிதான்.

இங்கே உள்ளூரிலும் இதே உரைகல் போதும். பள்ளியில் கழிவறை கழுவ நம் பிள்ளைகளை மட்டும் அனுப்பிவிட்டு அதற்குச் சேவை என்று பெயர் வைத்தால், மூன்று கேள்வி கேளுங்கள். இந்த வேலையை எல்லாரும் செய்கிறார்களா? பிறப்பைப் பார்த்தா ஆளைத் தேர்ந்தெடுத்தீர்கள்? மாட்டேன் என்று சொன்னால் விடுவீர்களா? மூன்றாவது கேள்விதான் முக்கியம். மறுக்க முடியாத தொண்டு தொண்டே அல்ல.

மறுநாள் அந்தத் தாயைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "முடியாதுன்னா விட்டுருவாங்களா?"

"அடுத்த வாரம் பரீட்சை இருக்கு, வர முடியாதுன்னு சொல்லியிருக்கா அக்கா. சரி, படிம்மான்னு சொல்லிட்டாங்களாம்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "அப்போ செய்யட்டும். அந்தப் பையனுக்கும் ஒரு டீ போட்டு முன்னாடி வெக்கச் சொல்லு. குடிக்கிறதும் குடிக்காததும் அவன் பாடு."