அல்லிக் கிழங்கும் ஒரு ஏரியும்

நண்பர் ஒருத்தர் வாஷிங்டன் மாநிலத்துல (தலைநகர் இல்லீங்க, மேற்குக் கரையில இருக்கறது) ஏரிக்கரையில வீடு வாங்கியிருக்கார். போன வாரம் போன். "தொட்டியில இருக்கற வெள்ளை அல்லி ரொம்பப் பெருத்துடுச்சு. ரெண்டு கிழங்கை ஏரியில போட்டா கரையே கமகமன்னு இருக்கும்ல?" வேண்டாம்னேன். அவருக்குச் சுருக்குனு கோவம். "பூச்செடிதானேய்யா, கஞ்சாவா?" (கஞ்சா அங்க கடையிலயே சட்டப்படி கிடைக்குதுங்கறது வேற கதை :-))

எனக்கும் அந்தப் பூ மேல பகை ஒண்ணும் இல்ல. நிம்ஃபேயா ஒடோராடான்னு பேரு. ஆம்பல்னா நிலாவுக்கு மலரும்னு படிச்சு வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் குழப்பும். காலையில விரிஞ்சு மத்தியானத்துக்கு மேல மூடிக்கும். முதல் நாள் பூவுக்கு நடுவுல குட்டிக் குளம் மாதிரி திரவம் தேங்கி நிக்கும். வேற பூவுல மகரந்தம் பூசிட்டு வர்ற பூச்சி அதுல வழுக்கி விழும். மகரந்தம் கழுவப்பட்டு சூல்முடிக்குப் போயிடும், பூச்சி சில சமயம் மேல போயிடும். மறுநாள்லேர்ந்து அதே பூ மகரந்தம் கொடுக்கும். அப்புறம் காம்பு ஸ்பிரிங் மாதிரி சுருண்டு காயைத் தண்ணிக்குள்ள இழுத்துக்கும். என்னா மூளை!

அமெரிக்காவோட கிழக்குப் பக்கம் இதுக்குச் சொந்த ஊரு. 1854 ஜூலை 4-ந்தேதி மாசசூசெட்ஸ்ல அடிமை முறையை எதிர்த்துக் கொதிச்சுப் பேசின தோரோ, பேச்சு முடியற இடத்துல வந்து நின்னது வெள்ளை அல்லி வாசனைகிட்டதான். சேத்துலேர்ந்து இவ்வளவு சுத்தமா ஒண்ணு வருதேன்னு அவருக்கு ஒரு ஆறுதல்.

ஆனா வாஷிங்டன் மாநிலத்துல இது வந்தேறி. அழகுக்குன்னு கொண்டாந்தது, இப்போ அரசாங்கக் களைப் பட்டியல்லயே இருக்கு. கிழங்கு சேத்துக்குள்ள படர்ந்துகிட்டே போகும், ஒடிஞ்ச துண்டு மிதந்து போய் இன்னொரு இடத்துல வேர் பிடிக்கும். ஆழமில்லாத ஏரின்னா இலை மேல மூடி, அடியில இருக்கற செடிக்கு வெளிச்சம் போகாது. அவ்வளவு இலையும் அழுகும்போது தண்ணில ஆக்சிஜன் குறையும். துடுப்புப் போட முடியாது, நீந்தறவங்க காலைச் சுத்தும். எடுக்கணும்னா வர்ற இலையெல்லாம் சீசன் சீசனா வெட்டிக்கிட்டே இருக்கணும்.

"மீனுக்கு நிழல்தானே?"ன்னார். கொஞ்சமா இருந்தா நிழல்தான், ஒத்துக்கறேன். கொஞ்சமா நிறுத்தறது யாரு? தொட்டியில நீங்க நிறுத்தலாம், ஏரியில முடியாது. அதுவும் அந்த ஏரி உங்க வீட்டுக் கொல்லை இல்லையே சார். மிச்சக் கிழங்கை நல்லா வெயில்ல காயப்போட்டுக் குப்பையில போடுங்கன்னேன்.

"பாக்கலாம்"னு வெச்சார். இன்னும் கூப்பிடல.