செய்மதி காட்டும் வழியும் சமுதாயச் சீர்குலைவும்

"அரசுகள் கவிழலாம், சந்தைகள் சரியலாம், ஆயினும் வானிலே சுழலும் செய்மதிகள் சுழன்றுகொண்டேயிருக்கும். கையிலே கருவி ஒன்று உளதாயின் வழி தவறமாட்டோம்" என்று வாதிடுவோர் நம்மிடையே உளர். கற்றோரிடையேதான் இந்நம்பிக்கை ஆழ வேரூன்றியுள்ளது. அறிவியலின்பாற் கொண்ட பற்றுப்போல இது தோன்றினும், உண்மையில் அறிவியல் எவ்வாறு இயங்குகின்றது என்பதை அறியாமையின் விளைவே இதுவென நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இம்முறை இயங்கும் வகையை நோக்குவோம். ஐக்கிய அமெரிக்காவின் ஜி.பி.எஸ். செய்மதிகள் ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திற் சுழல்கின்றன. ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்தையும் தன் அணுக்கடிகாரம் காட்டும் நேரத்தையும் வானொலி அலைகளாக அனுப்புகின்றது. குறைந்தது நான்கு செய்மதிகளின் அலைகளை ஒப்பிட்டே நம் கருவி தன் இருப்பிடத்தைக் கணிக்கின்றது. கடிகாரம் ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைப்பினும், தூரக் கணிப்பில் 300 மீற்றர் பிழை புகுந்துவிடும். ஆயின் செய்மதிக்குத் தன் இருப்பிடத்தை அறிவிப்பவர் யார்? தியாகோ கார்சியா, அசென்சன், ஹவாய் முதலிய தீவுகளிலுள்ள கண்காணிப்பு நிலையங்கள் தரும் அளவுகளைக் கொண்டு, கொலறாடோவிலுள்ள கட்டுப்பாட்டு நிலையத்தில் மனிதர் கணித்து, நாள்தோறும் அதற்கு அனுப்பிக்கொண்டிருக்கின்றனர். அவ்வுழைப்பு நின்றால் செய்மதி விழுந்துவிடாது. ஆனால் அது கூறுவது நாளுக்கு நாள் பொய்யாகும். பொய் கூறும் வழிகாட்டி, வாய் மூடிய வழிகாட்டியிலும் கொடியவன் அல்லனோ?

இஃது வெறும் ஊகமன்று. வரலாறு இதனை ஒருமுறை சோதித்துப் பார்த்துள்ளது. சோவியத் ஒன்றியம் 1982இல் குளொனாஸ் என்னும் முறையின் முதற் செய்மதியை ஏவியது. 1991இல் அவ்வொன்றியமே குலைந்தது. ஆயினும் 1995இன் இறுதியில் 24 செய்மதிகளும் வானில் நிறைந்து நின்றன. அந்நாளில் நம் நண்பர்கள் ருஷ்யாவில் இருந்திருப்பின், "பாருங்கள், அரசு வீழ்ந்தும் செய்மதி வீழவில்லை" என்று ஆர்ப்பரித்திருப்பர். பின்னர் நிகழ்ந்தது யாது? அச்செய்மதிகளின் ஆயுள் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளே. பழையன செயலிழந்தபோது புதியன ஏவப் பணமில்லை. 2001இல் இயங்கும் செய்மதிகளின் தொகை ஆறேழாகச் சுருங்கிற்று. மீண்டும் 24ஐ எட்ட 2011 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இங்கு நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. சீர்குலைவு வானத்தை உடனே தாக்குவதில்லை; சில ஆண்டுகள் தாழ்த்தே தாக்குகின்றது. அத்தாமதமே மக்களை ஏமாற்றுகின்றது.

செல்வம் கொழிக்கும் நாடுகளும் இதற்கு விலக்கல்ல. 2019 யூலையில் ஐரோப்பாவின் கலிலியோ முறை ஏறத்தாழ ஒரு வாரம் செயலிழந்து கிடந்தது. செய்மதிகள் வானிற் பழுதின்றியே இருந்தன; பழுது தரையிலிருந்த நிலையங்களிலே ஏற்பட்டது. போரோ பஞ்சமோ இல்லாத காலத்தில், திறமைமிக்க பொறியியலாளர் பலர் கூடியும் ஒரு வாரம் தேவைப்பட்டதெனின், ஊதியமும் மின்சாரமும் அற்ற காலத்திற் சீர்செய்வார் யார்?

"இன்று அமெரிக்கா, ருஷ்யா, ஐரோப்பா, சீனா என நான்கு முறைகள் உள, ஒன்று வீழின் மற்றொன்று உதவும்" என்பர். ஒரு நாட்டளவில் நிகழும் வீழ்ச்சிக்கு இது பொருந்தும் என்பதை ஒப்புக்கொள்வோம். ஆனால் நான்கும் தொலைவிலிருந்து வரும் மெல்லிய அலைகளையே நம்பியுள்ளன. தரையிலிருந்து எழும் வலிய இடையூற்றலை அவற்றை எளிதில் மூழ்கடிக்கும். 2024இல் எஸ்தோனியாவின் தார்த்து நகருக்கான விமானசேவையை ஒரு மாதம் நிறுத்திவைக்க நேர்ந்தது இதனாலேயே. அச்சேவை மீளத் தொடங்கியது வானில் இன்னொரு செய்மதியை ஏவியதனாலன்று. செய்மதியை நம்பாது தரையிறங்கும் முறையொன்றை அங்கு ஏற்படுத்தியதனாலேயே ஆகும்.

தொலைநாட்டுக் கதைகள் எதற்கு? 2022 மார்ச்சு இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு நிலவியதை நாம் மறந்துவிட்டோமா? அன்று செய்மதிகள் அனைத்தும் நம் தலைக்கு மேலே செவ்வனே சுழன்றன. ஆனால் மின்னூட்டமற்ற கைத்தொலைபேசிக்கு வானம் இருந்தென்ன, இல்லாதிருந்தென்ன? மின்னூட்டம் எஞ்சியிருந்த கருவியிலும், வலைப்பின்னல் அறுந்தவிடத்து வரைபடம் திறவாது. இடத்தைக் குறிக்கும் நீலப்புள்ளி வெற்றுத்தாளில் நிற்கும்.

இதனாற் செய்மதியை வீசியெறிக என்று நாம் கூறவில்லை. கடற்றொழிலாளி ஒருவன் கருவியின் துணையுடன் உயிருடன் கரை சேருகின்றான். அதனைப் பழிப்பவன் கரையில் அமர்ந்திருப்பவனே. நாம் எதிர்ப்பது கருவியையன்று, கருவி வந்துவிட்டதெனப் பழைய அறிவைக் கைவிடும் மடமையையே. ஐக்கிய அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி விண்மீன்களைக் கொண்டு வழியறியும் பாடத்தை 1990களின் இறுதியிற் கைவிட்டது. 2015இல் மீண்டும் கற்பிக்கத் தொடங்கியது. செய்மதிகளின் உரிமையாளரே அவற்றை முற்றாக நம்பவில்லை. இரவல் வாங்கிய நாம் மட்டும் நம்புகின்றோம்!

நம் கரையோரங்களில் விண்மீன், காற்று, நீரோட்டம் ஆகியவற்றைக் கொண்டு திசையறிந்த முதியவர்கள் இன்னும் வாழ்கின்றனர். அவர்களது அறிவைக் கேட்டெழுதிவைக்க நமக்கு எந்நாட்டின் அனுமதியும் வேண்டியதில்லை. படவரைவியலைப் புவியியல் மாணவர்க்கு மட்டும் உரியதென ஒதுக்காது, கலைப்பீட மாணவர் அனைவரும் வரைபடம் ஒன்றை வாசிக்கவும் திசைகாட்டியைக் கையாளவும் பயில்தல் வேண்டும். செய்மதி மனித உழைப்பினாலேயே பேசுகின்றது. அவ்வுழைப்பைத் தாங்கும் சமுதாயம் குலையும் நாளில் நம்முடன் எஞ்சுவது நாம் கற்றுவைத்தது மட்டுமே.