செய்தவர் கொள்கையும் செய்பொருளும்



சோறு பொங்கும் பாத்திரத்தைச் செய்த கன்னானின் அரசியல் யாதென்று நம் இல்லத்துத் தாய்மார் விசாரிப்பதில்லை. ஆனால் மக்கள் கூடி உரையாடும் மென்பொருளைச் செய்தவர் எக்கொள்கையினர் என்னும் வினா இன்று எழுந்துள்ளது. கணினித் துறையில் பணிபுரியும் இளைஞர் சிலர் நம்மிடம் கேட்பது இதுவே: "லெம்மி என்னும் மென்பொருளை ஆக்கிய முதன்மையானோர் தம்மைப் பொதுவுடைமைவாதிகள் என மறைக்காமல் கூறுகின்றனர். கத்தோலிக்கராகிய நாங்கள் அதைப் பயன்படுத்தலாமா?" வினா சிறிதெனத் தோன்றினும், மனிதரை எவ்வாறு மதிப்பிடுவது என்னும் பெரிய வினா அதனுள் அடங்கியிருக்கிறது.

முதலில் பொருளை அறிந்துகொள்வோம். 2019-இல் தோன்றிய லெம்மி, கட்டற்ற மென்பொருள் வகையைச் சார்ந்தது. அதன் மூல நிரல், அதாவது அது எழுதப்பட்டுள்ள கட்டளைத் தொகுதி, எவரும் படிக்கவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் திறந்து வைக்கப்பட்டுள்ளது. வேண்டியவர் தம் சொந்தச் சர்வரில் அதை நிறுவித் தம் விதிகளின்படி நடத்தலாம். 2023 ஜூன் மாதத்தில் ரெட்டிட் நிறுவனத்தின் புதிய கட்டணங்களை வெறுத்துப் பலர் லெம்மிக்கு வந்தபோது, ஆக்கியோரின் சர்வரை விடுத்து வேறு சர்வர்களில் குடியேறியோர் பலர். 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்த இவ்வியக்கம் வகுத்த உரிமைகளுள் முதலாவது, எந்நோக்கத்திற்காகவும் நிரலை இயக்கலாம் என்பதே. ஆக்கியவரும் பயன்படுத்துவோரும் ஒரே கருத்தினராய் இருக்க வேண்டும் என்னும் நிபந்தனை அதில் இல்லை. 2021-இல் டொனால்டு டிரம்ப்பின் நிறுவனம் தன் ட்ரூத் சோஷியல் தளத்திற்கு மாஸ்டடான் நிரலை எடுத்தாண்டது. மாஸ்டடான் அமைப்பினர் அரசியல் உடன்பாட்டைக் கோரவில்லை. உரிமத்தின்படி மூல நிரலை வெளியிடுமாறே கோரினர்.

இத்தகைய வினா திருச்சபைக்குப் புதியதன்று. 303-இல் தியோக்கிளேசியன் மன்னன் தொடங்கிய வேதகலாபனையில், ஆப்பிரிக்கக் குருக்கள் சிலர் அஞ்சித் திருநூல்களைப் பகைவரிடம் ஒப்படைத்தனர். அத்தகையோர் நிறைவேற்றும் திருவருட்சாதனங்கள் செல்லா என்று தொனாத்திஸ்தர் வாதித்தனர். ஹிப்போ நகர் ஆயராகிய புனித அகுஸ்தீனார் அதனை மறுத்தார். ஞானஸ்நானம் அளிப்பவர் கிறிஸ்துவே. குருவானவர் கருவி மட்டுமே. ஆதலால் கருவியின் கறை அருளைக் கறைப்படுத்தாது என்பது அவர் போதனையின் சாரம். எம் போன்ற குறையுள்ள குருக்களின் கையிலிருந்து இறையருளையே பெறும் விசுவாசிகள், மென்பொருளை மட்டும் மாசற்ற கையிலிருந்தே பெறுவோம் என்பது தகுமோ?

எனினும் உவமை ஓரளவுக்கே பொருந்தும். அருட்சாதனத்திற்குக் கிறிஸ்துநாதரே பிணை. நிரலுக்கு அத்தகைய பிணை இல்லை. பலரும் ஆராய்ந்து பார்க்கத் திறந்திருக்கும் மூல ஏடே அதன் பிணை.

பொதுவுடைமை பற்றித் திருச்சபை கூறியிருப்பதை மறைக்க வேண்டியதில்லை. 1937-இல் பாப்பரசர் 11-ஆம் பத்திநாதர் கடவுளை மறுக்கும் அக்கொள்கையைக் கண்டித்து, அதனோடு ஒத்துழைப்பதையும் விலக்கினார். 1963-இல் 23-ஆம் அருளப்பர் 'அவனியில் அமைதி' சுற்றுமடலில், தவற்றையும் தவறுபவரையும் வேறுபடுத்திக் காணக் கற்பித்தார். தவறுபவரும் மனித மாண்பை இழப்பதில்லை என்றார். தீமைக்கு மனமொப்பித் துணைபோவது வேறு, அதை விரும்பாமலே தொலைவில் தொடர்புகொள்வது வேறு என்று அறநெறி இறையியலும் பிரித்துக் காட்டும். ஒருவர் எழுதிய நிரலை நற்செயலுக்குப் பயன்படுத்துவதால், அவர்தம் நாத்திகத்திற்கு நாம் மனமொப்பியவர் ஆகமாட்டோம். அந்நிரலைப் பேணும் உழைப்பிற்கெனச் சிறு தொகை அளிப்பதும் உழைத்தவருக்குக் கூலி கொடுப்பதை ஒத்ததே.

அளவுகோலைத் திருப்பிப் பிடித்தும் பார்ப்போம். ஜாவாஸ்கிரிப்ட் மொழியை 1995-இல் படைத்த பிரெண்டன் ஐக், 2014 மார்ச்சில் மொசில்லா நிறுவனத்தின் தலைமை நிர்வாகியானார். திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானதே என்னும் கலிபோர்னியா மாநிலச் சட்டத் திருத்தத்திற்கு 2008-இல் அவர் 1,000 டாலர் அளித்திருந்தார். அதைச் சுட்டி எழுந்த எதிர்ப்பால் இரு வாரங்களுக்குள் பதவி விலகினார். தலைவர் நிறுவனத்தின் முகம் அன்றோ என்று எதிர்த்தோர் கூறியதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆயினும் அவர் படைத்த மொழியை உலகம் கைவிடவில்லை. இணையம் இன்றும் அதனால் இயங்குகிறது. அவர் ஆதரித்தது நம் போதனையோடு இசைவது. அவருக்கு நேர்ந்ததை அநீதி என்று கருதும் கத்தோலிக்கர், பொதுவுடைமையாளரையும் அதே கோலால் அளக்கக் கடமைப்பட்டவர். நம்மவருக்கு ஒரு படி, பிறருக்கு ஒரு படி என்று வைத்திருக்கும் வணிகரை ஆண்டவர் விரும்புவதில்லை.

அங்ஙனமாயின் ஆக்கியவர் கொள்கை ஒருபோதும் பொருட்டல்லவோ? பொருட்டாகும் இடம் உண்டு. 2022 மார்ச்சில், உக்ரைன் போரைக் கண்டு வெகுண்ட நிரலாளர் ஒருவர், நோட்-ஐபிசி என்னும் தம் திறந்த நிரலுக்குள் ஒரு கண்ணியை வைத்தார். ரஷ்யாவிலும் பெலாரஸிலும் உள்ள கணினிகளில் அது கோப்புகளை அழித்து, அவற்றினிடத்தில் இதயக் குறியைப் பதித்தது. போரை அவர் வெறுத்தது நன்று. ஆனால் அக்கணினி போர் தொடுத்தவனுடையதோ, போரை எதிர்த்தவனுடையதோ, மருத்துவனுடையதோ என்று கண்ணி ஆராயவில்லை. நன்மையை நாடித் தீமை செய்வதைப் புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் விலக்கியிருப்பது இதனாலன்றோ? நிரல் திறந்திருந்தமையால் சில நாட்களுள் சூழ்ச்சி வெளிப்பட்டது. லெம்மியிலும் தொடக்கத்தில் வசைச்சொற் பட்டியலொன்று நிரலுக்குள்ளேயே பதிக்கப்பட்டிருந்தது. குறைகூறல் எழுந்தபின், அது சர்வர் நடத்துவோரின் விருப்பத்திற்கு விடப்பட்டது. கருத்து நெஞ்சில் இருக்கும்வரை அது அவர்தம் மனச்சான்றின் காரியம்; நிரலுக்குள்ளோ, சர்வரின் ஆளுகைக்குள்ளோ புகுந்து பிறரைத் தாக்குமாயின் அது நம் காரியமும் ஆகும்.

ஆதலால் பெற்றோரே, இளைஞரே, ஒரு மென்பொருளை இல்லத்தினுள் ஏற்குமுன் மூன்றைக் கேளுங்கள். இது செய்வதென்ன என்பதை அறிந்தோர் எவரேனும் ஆராய்ந்துள்ளனரா? நாம் நுழையும் சர்வரை நடத்துவோர் யார், அவர்தம் விதிகள் நேர்மையானவையா? வேண்டாமெனில் நமக்குரியதை எடுத்துக்கொண்டு வெளியேற முடியுமா? இம்மூன்றிற்கும் தக்க விடை கிடைக்குமாயின், ஆக்கியவரின் கட்சி அட்டையைத் தேட வேண்டியதில்லை. கிடைக்காவிடில், அவர் நாள்தோறும் திருப்பலி காண்பவரேயாயினும் அப்பொருளை விலக்குங்கள்.

மேலும் ஒன்று. கடவுளை அறியாதவர் ஆக்கி இலவசமாய் ஈந்த பொருளால் நாம் பயனடைவோமாயின், அவருக்கு நாம் நன்றிக்கடன் பட்டவர்கள். அவர்தம் தவற்றை ஏற்காமலே அவருக்காகச் செபிக்கலாம். அத்துடன், கொடையாக ஈயும் அப்பண்பில் அவரினும் நாம் குறைந்தவராய் இராதபடி பார்த்துக்கொள்வோமாக.